உமாபதி சாரின் தலைமுடி

உமாபதி சாருக்கு ஐம்பத்து மூன்று வயதிலும் தலை நிறைய முடி. அந்த முடிதான் துர்காவின் பிழைப்பைக் கெடுத்தது. இது தெரிய துர்காவுக்கே இரண்டு வருஷம் ஆயிற்று. தெரிந்த பிறகு புருஷன் கலைவாணனைத் தவிர யாரிடமும் அவள் வெகுநாள் மூச்சு விடவில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் காரின் உள்பக்கச் சாமான்கள் செய்கிற கம்பெனி ஒன்று. டாஷ்போர்டின் ஓரப்பட்டை, கதவுக் கைப்பிடி, ஏ.சி. காற்று வருகிற சட்டம் என்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் வார்த்து, கழுவி, பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். தென்னேரியிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போய் ஆறு வருஷம் அங்கே ஸ்ப்ரே கன் பிடித்தவள் துர்கா. பக்கத்தில் நின்று கன் பிடித்தவள் பிரவீனா. பிள்ளையார்பாளையத்துப் பெண்; புருஷன் விட்டுவிட்டுப் போய், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவள். இவர்களுக்கு மேலே சூப்பர்வைசர் உமாபதி சார்.

சார் கன்னைத் தொட்டதே இல்லை. அவர் தொடுவதெல்லாம் பெயின்ட்டுக்குப் போகுமுன் கழுவி வைத்த சாமானைத்தான். பரம்பரையாகத் தறி போட்ட குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பிகள் இன்றைக்கும் பட்டு நெய்கிறார்கள். சேலையில் குறை இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க மாட்டார்கள், உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். விரல் சொரசொரப்பாக இருந்தால் பட்டு இழை மாட்டிக்கொள்ளும் என்று அவருடைய அப்பா தலைமுடியில் ஒரு தடவு தடவிக்கொண்டுதான் சேலையில் கை வைப்பாராம். அந்தப் பழக்கம் பிள்ளைக்கும் வந்துவிட்டது. தலையில் ஒரு தடவு, சாமானில் ஒரு தடவு. "கை சொல்லும்மா, கண்ணு பொய் சொல்லும்," என்பார். பட்டுக்குச் சரி. பிளாஸ்டிக்குக்கு என்ன சொல்லும் என்று அவரை யாரும் கேட்டதில்லை. சூப்பர்வைசரை யார் கேட்பது?

ஒருநாள் டாஷ்போர்டுப் பட்டை ஒரு லாரி நிறையத் திரும்பி வந்தது. பெயின்ட்டில் வட்ட வட்டமாகக் குழி. மிளகு அளவு, கடுகு அளவு. அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி இருந்தது. எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி நின்றால் இப்படித்தான் குழி விழும். அதனால்தான் பெயின்ட் பகுதிக்குள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரக்கூடாது, பூ வைக்கக்கூடாது, முகத்துக்குக் கிரீம் பூசக்கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

உமாபதி சார் பெண்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"யாரு தலையில எண்ணெய் வச்சிக்கினு வந்தது? மரியாதையா சொல்லிடுங்க."

அவர் ஒவ்வொரு தலையாகக் குனிந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தார். சந்தையில் மாம்பழம் வாங்குகிறவன்கூட அவ்வளவு அலட்சியமாக மோந்து பார்க்க மாட்டான். துர்காவிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"தொப்பிய கழட்டு. சடைய அவுறு. குனி."

"சார், ஞாயித்துக்கிழம வச்ச எண்ணெய் சார். காலைல தலைக்கு ஊத்திக்கினுதான் வந்தேன்."

"குனின்னு சொன்னேன்."

குனிந்தாள். ஆம்பளையும் பொம்பளையுமாக நாற்பது பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர் அவளுடைய முடியைத் தூக்கி மூக்குக்கு நேரே பிடித்தார். "தேங்கா எண்ணெய். கிராமத்துலேர்ந்து வர்றதுங்களுக்கு எத்தினி வாட்டி சொன்னாலும் மண்டையில ஏறாது. எண்ணெய் மட்டும் நல்லா ஏறும்."

அதற்குச் சிரிப்பு வேறு. அன்று மதியமே துர்காவை வெளியே அனுப்பிவிட்டார்கள். சிரிக்காதவள் பிரவீனா ஒருத்திதான். கேட் வரைக்கும் கூடவே வந்தாள். வெளியே விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அழாதக்கா, போக்கா," என்றாள். கம்பெனி பஸ்ஸில் துர்காவுக்கு 'எண்ணெய்க்காரி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்த பஸ்ஸை ஓட்டியவன் கலைவாணன். பெண்டாட்டிக்கு வைத்த பேரைக் காதில் வாங்கிக்கொண்டே கியர் மாற்றினான் பாவம்.

அவமானத்தில் வீட்டுக்குள் முடங்குகிற ஜாதி இல்லை துர்கா. காஞ்சிபுரத்துக்குக் குடி வந்து, வாலாஜாபாத் ரோட்டில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கார் உள்பக்கச் சாமான்களுக்கு மட்டும் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தாள். வெளிப்பக்கத்துக்கு ஆயிரம் கடை இருக்கிறது. உள்பக்கம் அப்படி இல்லை; உட்கார்ந்திருக்கிறவனின் மூக்குக்கு முன்னால் இருக்கிற சாமான், ஒரு திட்டு இருந்தாலும் வீடு போய்ச் சேரும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டு போவான்.

அவள் வேலை சுத்தம். சாமானைக் கழற்றிப் பாத்திரம் தேய்க்கிற சோப்பில் இரண்டு தரம் கழுவுவாள். வழவழப்புப் போகிற அளவுக்கு மெதுவாகத் தேய்ப்பாள். துடைத்துக் காயவைத்து, பிளாஸ்டிக்குக்கான அடிப்பூச்சு பிரைமரை மெல்லிசாக ஒரு கோட் விடுவாள். பிறகுதான் கலர். கன்னுக்கும் சாமானுக்கும் நடுவில் ஒரு சாண். கை வில் மாதிரி வளையக்கூடாது, நேராகப் போய் நேராக வரவேண்டும். சாமானுக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடிக்கவேண்டும். ஒரு வரிசையின் பாதி மேல் அடுத்த வரிசை விழவேண்டும். முதல் கோட் அடித்தால் அடித்த மாதிரியே தெரியாது, அடிநிறம் எட்டிப் பார்க்கும். "இன்னாமா, இவ்ளோதானா?" என்று வண்டிக்காரன் பதறுவான். பேசாமல் இரு என்பாள். பெயின்ட் அடிக்கிற வேலையில் பாதி, அடிக்காமல் காத்திருக்கிறதுதான். அவசரக்காரனுக்குப் பெயின்ட் வழியும், பொறுத்தவளுக்கு மூன்றாவது கோட்டில் ஒரே சீராக நிற்கும்.

அப்படி இருக்கும்போது ஒரு வாடகைக் காரின் டாஷ்போர்டுப் பட்டையில் குழி விழுந்தது. அதே மிளகு, அதே கடுகு. டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டால், தினமும் பளபளப்புக்கு ஒரு பாலிஷ் போட்டுத் துடைப்பானாம். அந்த டப்பாவை வாங்கிப் பின்பக்கம் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். டைமெதிகோன் என்று ஒரு எண்ணெய்ச் சரக்கு. வாசனை கிடையாது, கண்ணுக்குத் தெரியாது, லேசில் கழுவினால் போகாது.

அதே வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் ஹேர்பின் வாங்கப் போனாள். கண்ணாடி அலமாரியில் தங்க மூடி போட்ட சின்ன பாட்டில் ஒன்று நின்றது. உமாபதி சாரின் சட்டைப்பையில் தினமும் இருந்த பாட்டில். சாப்பாட்டு இடைவேளைக்கு அப்புறம் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, கண்ணாடி பார்த்துத் தலையில் பூசிக்கொள்வார். முடி மினுமினுவென்று நிற்பதற்கான சீரம். துர்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முதல் வரியிலேயே டைமெதிகோன்.

கொட்டகைக்கு வந்து, உடைந்த பட்டை ஒன்றைக் கழுவி, ஒரு சொட்டைத் தடவி, கலர் அடித்தாள். கண்ணெதிரே பெயின்ட் விலகி விலகிக் குழி விழுந்தது. துர்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை பேர் தலையையும் மோந்து பார்த்தவன் தன் தலையை மோந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, அதற்குத்தான் வாசனையே இல்லையே. வாசனை இருக்கிற தலை ஏழைத் தலைதான்.

"கம்பெனில போயி சொல்லு," என்றான் கலைவாணன்.

"யாருகிட்ட சொல்றது? அந்தாளுதான் வேலைய விட்டுட்டு செவிலிமேட்டுல இதே மாதிரி பெயின்ட் கடை போட்டுக்கினான்னு நீதான சொன்ன?"

"அப்ப விட்டுரு."

"விடறதா? அவன் கடைய இழுத்து மூடறத என் கண்ணால பாக்கணும். அது வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது," என்றாள் துர்கா. சத்தியமாகவே வராமல்தான் இருந்தது.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். துர்காவின் விஷயத்தில் தெய்வம் நிற்கக்கூட இல்லை, நேரே அவள் கொட்டகைக்கே ஆளை அனுப்பி வைத்தது. மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. உமாபதி சார் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கையில் ஒரு கதவுக் கைப்பிடியோடு உள்ளே வந்தார். முடி கறுகறுவென்று மின்னியது.

"நல்லா இருக்கியாம்மா துர்கா? பழசெல்லாம் மனசுல வச்சிக்காத. நான் கம்பெனிக்கு வேல செஞ்சேன், அவ்ளோதான்."

"உக்காருங்க சார்," என்றாள். மன்னிப்பு மாதிரி ஒரு சொல் வருமா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். வரவில்லை. கைப்பிடியைத்தான் நீட்டினார்.

"இத பாரு. குழி குழியா விழுது. ஒருநாள் விழுது, ஒருநாள் விழல. பிரவீனாதான் என்கிட்ட கன் புடிக்குது, அது கை உனக்கே தெரியும். என்னான்னு புரியல. ஊர்ல எல்லாரும் உன் ஃபினிஷ்ஷத்தான் சொல்றாங்க, அதான் வந்தேன்."

கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்து பிரவீனா அவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தது துர்காவுக்கு முன்பே தெரியும். கைப்பிடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பார்க்க ஒன்றுமே இல்லை என்றாலும். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. அதை எடுத்து வெளியே போட அவளுக்கு என்ன பைத்தியமா?

"கம்ப்ரஸர்லேர்ந்து எண்ணெய் வருது சார். காத்தோட கலந்து வருது. அத மாத்திடுங்க."

மாற்றினார். பங்குனியில் மறுபடி வந்தார். "உங்க ரூம்ல ரோட்டுத் தூசி வருது சார், அடைச்சிக் கட்டுங்க," என்றாள். கட்டினார். வைகாசியில், கருட சேவைக் கூட்டத்தில் தெருவெல்லாம் அடைத்துக்கொண்டு கிடந்தபோதுகூட, சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். தண்ணீரைக் குறை சொன்னாள். ஆடியில் பெயின்ட்டைக் குறை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர் தலையை ஒருமுறை தடவிக்கொண்டு, அவள் காயவைத்திருந்த சாமான் மேல் கை வைக்க வருவார். "சார், ஈரம்," என்று அவள் பாய்ந்து தடுப்பாள். அவர் போன பிறகு சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பழி வாங்குகிறதில் இவ்வளவு இனிப்பு இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவருடைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக இவள் கொட்டகைக்கு வர ஆரம்பித்தார்கள். அவர் கன்னம் ஒட்டிப்போயிற்று. முடி மட்டும் அப்படியே இருந்தது.

ஆவணியில் மார்க்கெட்டில் பிரவீனாவைப் பார்த்தாள். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னான்னே தெரியலக்கா. கம்ப்ரஸர மாத்துனாரு, ரூம மாத்துனாரு, ஒண்ணும் நிக்கல. ஒருநாளு கண்ணாடி மாதிரி வருது, மறுநாளு குழி. எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துடுச்சு."

சொல் துர்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. 'அந்தாளு தொட்ட அன்னிக்குக் குழி, தொடாத அன்னிக்குக் கண்ணாடி, அவ்ளோதான்டி.' ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் இவள் அவரிடம் சொல்லுவாள். அவர் கடை பிழைத்துக்கொள்ளும். துர்கா அதை அப்படியே விழுங்கிவிட்டு, "இந்த வெயிலுக்கு அப்பிடித்தான் இருக்கும்," என்றாள். அவளுக்கு என்ன, சம்பளம் வருகிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெண்டைக்காய் விலை கேட்கப் போய்விட்டாள்.

புரட்டாசியில் உமாபதி சார் கடைசித் தடவையாக வந்தார். உட்காரக்கூட இல்லை. பட்டுக்கடை குப்புசாமி முதலியார் மகன் கல்யாணத்துக்காகத் தன் பெரிய காரின் உள்பக்கம் முழுவதையும் அரக்கு நிறத்தில் மாற்றக் கொடுத்திருக்கிறாராம். மணப்பெண்ணின் கூறைப்புடவை என்ன அரக்கோ, அதே அரக்கு. இது கெட்டால் ஊரில் தலை நிமிர முடியாது.

"எல்லாத்தையும் மாத்திட்டேம்மா. ஆளு ஒண்ணுதான் பாக்கி. ஆளு சரியில்லன்னா இப்பிடி வருமா?"

கன் கழுவிக்கொண்டிருந்த துர்காவின் கை நின்றது. மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. பிரவீனாவை அவர் அனுப்பிவிட்டால் அவருக்கு இருக்கிற ஒரே நல்ல கையும் போய்விடும். கல்யாணத்துக்குள் வேறு ஆள் கிடைக்காது. பிரவீனாவைத் தன் கொட்டகைக்கே கூட்டிக்கொள்ளலாம், கூடச் சம்பளம் கொடுக்கலாம். எல்லாருக்கும் நல்லதுதானே?

"வரும் சார்," என்றாள்.

கெடுவான் கேடு நினைப்பான் என்பது பழமொழி. நினைக்கிறபோது அது கேடு மாதிரியா தெரிகிறது? நல்ல காரியம் செய்த தெம்போடு துர்கா அன்றைக்கு இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. "உடனே வாம்மா துர்கா. நீ சொன்னதுதான் சரி. ஆளுதான் காரணம். வந்து நீயே பாரு." கடையை மூடப்போகிறான் என்ற நினைப்பில் துர்கா ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போனாள்.

கடை வாசலில் கூட்டம். குப்புசாமி முதலியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய டிரைவர், எதிர் பெட்டிக்கடைக்காரர், கடையின் ஃபிட்டர்கள் இரண்டு பேர், போகிற வழியில் சைக்கிளை நிறுத்திக்கொண்டவர்கள் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் குழாயடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் பிரவீனா குந்தியிருந்தாள். முடி முழுக்க அவிழ்ந்து முன்னால் தொங்கியது. சாமான் கழுவுகிற சோப்புத்தண்ணீரைத் தலையில் ஊற்றி அவளே தேய்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் உமாபதி சார் கையில் சொம்போடு நின்றார்.

"இன்னொரு வாட்டி தேய். மண்டைத் தோலு வரைக்கும் போவணும். அப்புறம்தான் முதலியாரு சாமான தொடணும்." துர்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாம்மா! இவங்கதாங்க துர்கா. இவங்க சொல்லித்தான் எனக்கே புரிஞ்சுது."

பிரவீனா நுரைக்குள்ளிருந்து முகத்தைத் தூக்கினாள். சோப்பு எரிந்து கண் சிவந்திருந்தது. துர்காவைப் பார்த்தாள்.

துர்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளை அனுப்புவான் என்று கணக்குப் போட்டாளே தவிர, எப்படி அனுப்புவான் என்று போடவில்லை. அவளுக்கல்லவா அது முதலில் தெரிந்திருக்க வேண்டும்? வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாகக் கிளம்பி வந்தன. வெட்கத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆத்திரத்துக்கு ஆள் எதிரிலேயே நின்றான்.

"சொம்ப கீழ போடுங்க சார்."

"என்னம்மா?"

"கீழ போடுய்யா!"

போட்டுவிட்டார். துர்கா உள்ளே போய் ஒரு பழைய பட்டையை எடுத்துவந்தாள். எல்லார் கண்ணுக்கும் எதிரே குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள், தேய்த்தாள், துடைத்தாள். வெயிலில் காயவைத்தாள். முதலியார் இருமினார். பிறகு புதிய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு உமாபதி சாரின் எதிரில் வந்து நின்றாள்.

"குனிங்க."

"எதுக்கு?"

"நாப்பது பேருக்கு முன்னால என்ன குனிய வச்சீங்களே, அப்ப நான் எதுக்குன்னு கேட்டனா? குனிங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். முதலியார், "குனிஞ்சுதான் காட்டேன்பா, என்னா பண்ணப் போவுது," என்றார். உமாபதி சார் குனிந்தார். இந்த நிமிஷத்துக்காக மூன்று வருஷம் காத்திருந்தவள் அந்த மினுமினுக்கிற முடியில் உச்சியிலிருந்து பிடரி வரை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தாள். துணியைத் தன் மூக்கில் வைத்துக் காட்டினாள். "வாசனையே இல்ல பாருங்க. சுத்தமான தலை!" பிறகு அந்தத் துணியால் பட்டையின் வலது பாதியை மட்டும் ஒரு தடவு தடவி, கொக்கியில் மாட்டி, கன்னை எடுத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அரக்குக் கலரை அடித்தாள்.

இடது பாதி பட்டு மாதிரி விழுந்தது. வலது பாதியில் பெயின்ட் விழுந்த மறுநொடியே விலகத் தொடங்கிற்று. ஒன்று, நான்கு, பத்து என்று குழி பூத்துக்கொண்டே போனது. பெட்டிக்கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"சட்டைப்பையில இருக்கிற பாட்டில எடுத்துக் காட்டுங்க சார். தலையில ஒரு தடவு, சாமான்ல ஒரு தடவு. கம்பெனில லாரி நிறைய சாமான கெடுத்தது இந்தத் தலை. என் சோத்துல மண்ணள்ளிப் போட்டது இந்தத் தலை. இப்ப இவள ரோட்டுல உக்கார வச்சி சோப்புத்தண்ணி ஊத்தறியே, உன் தலைய எதுல கழுவுவ?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். துர்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அது கறுத்துச் சுருங்குவதைப் பார்க்கத்தானே இத்தனை காலம் இருந்தாள். அவர் பட்டையைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்தது வெட்கம் இல்லை. பரம சந்தோஷம்.

"இவ்ளோதானா? இதுதானா? அய்யோ முருகா, எட்டு மாசமா உசுரு போச்சேம்மா!" பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் வீசினார். முதலியார் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் இனிமே சாமான் கிட்டயே வர மாட்டேங்க. உங்க வண்டி கண்ணாடி மாதிரி வரும், பாருங்க." அந்த மனிதருக்கு ரோஷம் என்று ஒன்று இருந்தால் அல்லவா உறைக்கும்? மருந்து கிடைத்த நோயாளி மாதிரி குழாயடிக்கு ஓடித் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

துர்கா கன்னும் கையுமாக நின்றாள். பிரவீனா எழுந்து முடியைப் பிழிந்துகொண்டே கிட்டே வந்தாள்.

"உனக்கு இது எப்பலேர்ந்து தெரியும்க்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தோன்றிற்று என்று சொல்லியிருந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

"இந்தாளு மொத வாட்டி என் கொட்டாய்க்கு வரதுக்கு முன்னாலேர்ந்தே."

"மார்க்கெட்ல பாத்தப்பவும்?"

"ம்."

"கம்ப்ரஸரு, ரூமு எல்லாம்?"

"அவன் அழியணும்னுதான் பிரவீனா. உன்ன என் கொட்டாய்க்கே கூட்டிக்கலாம்னு இருந்தேன். கூடச் சம்பளம் தரேன், இன்னிக்கே வந்துடு."

பிரவீனா ஈரமுடியை முறுக்கிக் கொண்டை போட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"இந்தாளு தெரியாம பண்ணான்க்கா. நீ எல்லாம் தெரிஞ்சிக்கினே பண்ண."

துர்காவின் கையிலிருந்து கன்னை வாங்கிக்கொண்டாள். தலைக்கு முக்காட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் முதலியாரின் கதவுப்பட்டைகளைக் கொக்கியில் தொங்கவிட்டாள். உமாபதி சார் தலை சொட்டச் சொட்ட வாசலிலேயே, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதல் கோட் அடித்த மாதிரியே தெரியவில்லை. அவள் காத்திருந்தாள். இரண்டாவது கோட்டில் அரக்கு எழுந்தது. மறுபடி காத்திருந்தாள். மூன்றாவது கோட் கோடியிலிருந்து கோடிவரை ஒரே சீராக, ஒரு குழி இல்லாமல் விழுந்தது.

"அருமை," என்றார் முதலியார். கூட்டம் கலைந்தது. துர்காவும் போகலாம் என்றுதான் இருந்தாள். ஒரு தடவையாவது பிரவீனா திரும்பிப் பார்ப்பாள் என்று ஸ்கூட்டி பக்கத்திலேயே நின்றிருந்தாள். பிரவீனா அடுத்த பட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.